கொஞ்சம் உயரமாகப் போன மேசை

தெருவில் அவளை எல்லோரும் டேப் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். காலையில் முகம் கழுவிய கையோடு கழுத்தில் மாட்டிக்கொள்ளும் அளவு டேப்பைப் படுக்கப் போகும்போதுதான் கழற்றுவாள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குச் சீருடை தைப்பது அவள் தொழில். தனிக் கடையெல்லாம் கிடையாது, வீட்டுக் கூடமே கடை. கதவைத் திறந்தால் மெஷின், அதைத் தாண்டினால் துணி மூட்டை, அதற்கும் அப்பால் ஒரு சோபா. அந்தச் சோபாவில் உட்கார வேண்டுமானால் முதலில் யாரோ ஒரு பிள்ளையின் கால்சட்டையை எடுத்து ஓரம் வைக்க வேண்டும். வீட்டுக்காரர் பஸ் டிரைவர். வேலை முடிந்து வந்ததும் கால்சட்டையைத் தள்ளிவிட்டு அதே மூலையில் சாய்வார். இப்படியே காலம் ஓடிவிட்டது.

மகள் வேலை கிடைத்து வேறு ஊருக்குப் போனாள். அவள் அறை காலியானது. மெஷினும் மூட்டைகளும் அந்த அறைக்கு இடம் மாறிய அன்று, டேப் அக்கா வெறுங்கூடத்தின் நடுவில் நின்று நான்கு பக்கமும் பார்த்தாள். தன் வீட்டுக்குக் கூடம் என்று ஒன்று இருப்பதே அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்த மாதிரி இருந்தது.

"இங்க நடுவுல ஒரு மேசை போடணும்" என்றாள்.

"நடுவுலயா? அப்ப போறவன் வர்றவனுக்கு வழி?" என்றார் டிரைவர்.

"பஸ்ஸா ஓட்டப் போறீங்க? சுத்திப் போங்க."

"சரி, கண்ணாடி போட்டதா புதுசா ஒண்ணு வாங்கிடலாம். தொடச்சா பளிச்சுன்னு இருக்கும்."

"எனக்குப் பழசுதான் வேணும்."

ஏன் பழசு என்று அவர் கேட்டார். "வேணும்னா வேணும்" என்றாள். ஆனால் காரணம் இருந்தது. அவள் கை பட்டதெல்லாம் புதுசு. பொத்தான் வைத்து முடித்த அன்றே வீட்டை விட்டுப் போய்விடும். தங்குவதற்கென்று வந்த பொருள் ஒன்றாவது வேண்டும், அதுவும் நாலு பேரோடு இருந்து பழகியதாக வேண்டும் என்பது அவள் ஆசை. ஆசைக்கு அதற்கு மேல் காரணம் எதற்கு?

பழைய சாமான் கடைக்காரர் மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு, செதுக்கு வேலை நிறைந்த மேசை ஒன்றை முதலில் காட்டினார். டேப் அக்கா அதன் மேல் பக்கத்தைப் பார்க்கவே இல்லை. கவிழ்த்துப் பிடிக்கச் சொல்லி அடிப்பக்கத்தைப் பார்த்தாள்.

"எல்லாரும் மேல பாத்து மயங்குவாங்க. நீங்க என்னம்மா தலைகீழா?"

"சட்டைன்னாலும் உள்பக்கம் பாத்தாத்தான தையல் தெரியும்? இதுக்குக் கால் வேற மேசையோடது. நிறமே சேரல."

"அது தெரிஞ்சுதான் விலையைக் கொறச்சிருக்கேன்" என்று சிரித்துவிட்டு அவர் அடுத்ததைக் காட்டினார். அதன் காலடியில் மாவு மாதிரி மரத்தூள் உதிர்ந்து கிடந்தது. உள்ளே பூச்சி இன்னும் குடித்தனம் நடத்துகிறது என்று அவரே அதை ஓரம் கட்டினார். கடைசியில் மூலையில் இரண்டு வட்ட மேசைகள், அக்காள் தங்கை போல நின்றன. கருத்த மரம். நடுவில் ஒரே தண்டு, கீழே மூன்று பாதங்களாகப் பிரிந்திருந்தது. சின்னக் கூடத்துக்கு வட்டம்தான் சரி, முட்டி மோதாது. ஒன்று சற்றுக் குள்ளம், மற்றது கொஞ்சம் உயரம். உயரமானதன் பலகையில், யாரோ சூடான கிளாஸை வைத்த தடம் வெள்ளை வளையமாக இருந்தது.

"பாலிஷ் போட்டு எடுத்துத் தர்றேன்" என்றார் கடைக்காரர்.

"இருக்கட்டும். பேச்சு சுவாரசியத்துல கிளாஸை எடுக்க மறந்திருப்பாங்க. நல்ல வீட்ல இருந்து வந்த மேசைதான்."

கடை நாற்காலியில் உட்கார்ந்து, முழங்காலிலிருந்து தரைக்கு டேப்பைப் பிடித்தாள். அளவு குள்ள மேசைக்குப் பொருந்தியது. ஆனால் கை உயரமானதைத்தான் காட்டியது. இங்கேதான் அவள் தொழில் அவளைக் கவிழ்த்தது. 'வளர்ற புள்ளைங்க அக்கா, மடிப்பு கொஞ்சம் விட்டுத் தைங்க' என்று அம்மாக்கள் சொல்லிச் சொல்லி, எதை அளந்தாலும் கொஞ்சம் கூட்டி வைப்பது அவளுக்கு ரத்தத்தில் ஊறிவிட்டது. மேசைக்கும் மடிப்பு விட்டுவிட்டாள்!

கடைக்காரர் ஒரு சலுகை கொடுத்தார். "ஞாயித்துக்கிழமை சாயங்காலம் வரைக்கும் வச்சுப் பாருங்க. பிடிக்கலன்னா வண்டி அனுப்பி எடுத்துக்கறேன். ஆனா ரம்பம், உளி எதுவும் படக்கூடாது."

மேசை வீட்டுக்கு வந்தது. டிரைவர் தன் மூலையில் சாய்ந்தார். மேசை மேல் வைத்த டீ கிளாஸ் நெஞ்சுக்கு நேராக வந்து நின்றது.

"என்னடி இது, பள்ளிக்கூடத்துல உக்காந்த மாதிரி இருக்கு? வீட்டுப்பாடம் எதுவும் குடுக்கப் போறியா?"

மாடி வீட்டு நாத்தனார் வேடிக்கை பார்க்க இறங்கி வந்தாள். மேசை மேல் டேப் அக்கா உயரமான பூஜாடி ஒன்றை வைத்திருந்தாள். ஜாடிக்கு இந்தப் பக்கம் அண்ணன், அந்தப் பக்கம் தங்கை. ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியவில்லை.

"அண்ணி, ஊருக்கே அளவெடுக்கறவங்க சொந்த வீட்டுக்கு அளவு தப்பிட்டீங்களே!"

"வாய மூடு" என்றாள் டேப் அக்கா, சிரிக்காமல்.

"மடிப்பு விட்டுட்டா போல. மேசை என்ன குறுகவா போகுது, இல்ல நாமதான் வளரப் போறமா?" என்றார் டிரைவர். நாத்தனார் சிரித்த சிரிப்பு மாடி வரை கேட்டிருக்கும்.

குள்ள மேசையை மாற்றி வாங்கிக்கொள்ளலாம் என்று போன் போட்டால், அது அன்றைக்கே விற்றுப் போயிருந்தது. நாத்தனார், ஒரு விரிப்பு தைத்துப் போட்டால் உயரம் தெரியாது என்றாள். இந்தக் கூடத்தில் இனி ஒரு முழத் துணி விழக் கூடாது என்று டேப் அக்கா அடித்துச் சொல்லிவிட்டாள். டிரைவர் பக்கத்து வீட்டில் ரம்பம் இரவல் வாங்கி வந்தார்.

"மூணு பாதம்தான? கொஞ்சம் கொஞ்சமா அறுத்துடறேன்."

"உள்ள வைங்க அதை! நான் வெட்டிப் பொழைக்கறவ. வெட்டினது திரும்ப ஒட்டாதுன்னு உங்களை விட எனக்கு நல்லாத் தெரியும்."

"அப்பத் திருப்பி அனுப்பு. ஞாயித்துக்கிழமை வண்டி வரச் சொல்லிடு."

அவள் ஜாடியை எடுத்தாள், தட்டை வைத்தாள். தட்டை எடுத்தாள், தட்டையான தொட்டியில் ஒரு சிறு செடியை வைத்தாள். எதை வைத்தாலும் மேசை உயரமாகவே இருந்தது. அனுப்பவும் மனசு வரவில்லை. மெஷின் போன இடம் மறுபடி வெறுமையாகிவிடுமே.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மேசையைத் துடைக்கத் தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்தவள், எதிரே சோபாவின் அடியைப் பார்த்தாள். வயிறு பெருத்தவரின் பனியன் போல அடித்துணி தொங்கி, தரையைத் தொட்டுக்கொண்டிருந்தது. டிரைவர் சாயும் மூலையில் இன்னும் மோசம். எழுந்து டேப்பைச் சோபாவின் மரச்சட்டத்துக்குப் பிடித்தாள். பிறகு மேசைக்குப் பிடித்தாள். இரண்டின் உயரமும் கிட்டத்தட்ட ஒன்று.

"ஏங்க, மேசை உயரமில்ல! நாமதான் எறங்கிட்டோம்!"

"காலங்காத்தால என்னடி உளர்ற?"

"இந்தப் பக்கம் பிடிங்க, சோபாவைக் கவுக்கணும்."

கவிழ்த்தார்கள். அடித்துணியைப் பிரித்தால், உள்ளே குறுக்கும் நெடுக்கும் கட்டியிருந்த நாடாவெல்லாம் துவண்டு கிடந்தது. சீருடை பெல்ட்டுக்கு என்று வாங்கி வைத்திருந்த கெட்டி நாடாவை எடுத்து வந்தாள். அவர் ஸ்டீயரிங் பிடித்த கையால் இழுத்துப் பிடிக்க, அவள் சட்டத்தில் ஆணி அடித்தாள். "இன்னும் இழுங்க... இன்னும்... சோறு சாப்பிடலயா இன்னைக்கு?" என்று விரட்டிக்கொண்டே இருந்தாள். திண்டுகளைப் பிரித்து, நசுங்கிய பஞ்சை உதறி, வெட்டுத்துணிகளையும் சேர்த்துத் திணித்துத் தைத்தாள்.

சோபாவை நிமிர்த்தியதும் முதலில் நாத்தனாரைத்தான் கூப்பிட்டு உட்கார வைத்தாள். வழக்கம்போல் தொப்பென்று விழப் போனவள் பாதியிலேயே நின்றுவிட்டாள்.

"அடியாத்தி, அதுக்குள்ள தரை வந்துடுச்சு!"

கிளாஸ் கைக்கு எட்டும் இடத்தில் இருந்தது. குனிய வேண்டாம், தூக்க வேண்டாம். டேப் அக்கா செடித்தொட்டியை நடுவில் வைக்காமல் ஒரு பக்கமாகத் தள்ளி வைத்தாள். பக்கத்தில் அவர் பேப்பர். மீதிப் பாதி காலி. மேசை என்றால் பாதி காலியாகத்தான் இருக்க வேண்டும். முழுக்க ஜோடித்துவிட்டால் வந்தவர்கள் கிளாஸை எங்கே வைப்பார்கள், தலையிலா?

சாயங்காலம் கடைக்காரர் போன் செய்தார். டிரைவர்தான் எடுத்தார்.

"வண்டியா? வேணாங்க. மேசை இங்கயே இருக்கட்டும். நீங்க வேணா டீ குடிக்க வாங்க."

போனை வைத்துவிட்டுத் தன் மூலையில் உட்கார்ந்தார். இந்தப் பக்கம் அசைந்தார், அந்தப் பக்கம் அசைந்தார்.

"எல்லாம் சரி. என் பள்ளத்தைக் காணோமே. எத்தனை வருஷமா உக்காந்து உண்டாக்கினது!"

"தெனம் உக்காருங்க. தன்னால வந்துடும்."

"வந்தா மறுபடி மேசை உயரமாயிடுமே?"

"அப்ப மறுபடி கவுப்போம்" என்றாள் டேப் அக்கா, அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து கிளாஸை மேசையில் வைத்துக்கொண்டே.