நாற்பத்து நான்கு நாள்

செல்லச்சாமிக்குப் பிறந்த தேதி இரண்டு. வீட்டில் ஒன்று, பள்ளிக்கூடத்தில் ஒன்று. வீட்டுக் கணக்கில் அவன் பிறந்தது கொல்லம் ஆண்டு ஆயிரத்து நூற்று இருபது, தை மாதம்; இங்கிலீஷ் கணக்குக்கு 1945 ஜனவரி. பள்ளிக்கூடப் பதிவேட்டில் 28-8-1946. எங்கள் பக்கத்தில் இது வியப்பில்லை. பையனைச் சேர்க்க வருகிற தகப்பன்மார் ஒரு வயதோ ஒன்றரை வயதோ குறைத்துச் சொல்வார்கள். நாளைக்கு சர்க்கார் வேலை கிடைத்தால் ஓய்வு அந்த அளவுக்குத் தள்ளிப்போகும். வாத்தியாரும் எழுதிக்கொள்வார். என் வயதிலும் எட்டு மாதம் குறைவுதான்.

அவன் அப்பா சுடலையாண்டி, யுத்தகாலத்தில் பட்டாளத்தில் இருந்தவர். யுத்தம் முடிந்து ஆட்குறைப்பு செய்தபோது அவரையும் அனுப்பிவிட்டார்கள். குத்துக்கல்வலசைக்குத் திரும்பி வந்து வயலைப் பார்த்துக்கொண்டார். மகனைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது வாத்தியார் பிறந்த தேதி கேட்டார். தான் பட்டாளத்திலிருந்து வெளியே வந்த தேதியை அவர் சொன்னார். மறக்காமல் இருக்கும் என்பதற்காக.

அதோடு நின்றிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. செல்லச்சாமி கெட்டிக்காரனாக இருந்துவிட்டான். மூன்றாம் வகுப்பில் ஒரு மாதம் உட்கார்ந்ததும் அவனை நான்காம் வகுப்புக்கு ஏற்றிவிட்டார்கள். அதில் ஒரு வருடம் மிச்சம் என்று அவன் அம்மா மாடத்தி எல்லாரிடமும் சொன்னாளாம்.

1960 ஜூலையில் நாங்கள் தென்காசியில் பதினோராம் வகுப்பில் இருந்தோம். எஸ்.எஸ்.எல்.சி. எழுதிய பிறகு என்ன என்று எங்களில் பலர் யோசிக்கவில்லை. போலீசுக்கு ஆள் எடுத்தால் போய் நிற்கலாம், இல்லாவிட்டால் வயல் இருக்கிறது. செல்லச்சாமி மட்டும் கல்லூரி என்றான். நான்கு கல்லூரிகளுக்குத் தபால்தலை ஒட்டிய உறையை உள்ளே வைத்துக் கடிதம் எழுதினான். மூன்றிலிருந்து விதிப் புத்தகம் வந்தது. அவற்றை அவன் பாடப் புத்தகத்தைவிட ஒழுங்காகப் படித்தான். எந்தக் கல்லூரியில் விண்ணப்பத்தாள் என்றைக்குக் கொடுப்பார்கள், எதற்கு போஸ்டல் ஆர்டர், எதற்கு மணியார்டர், நன்னடத்தைச் சான்றிதழை யாரிடம் எத்தனை நாளுக்கு முன்னால் கேட்க வேண்டும் என்று மாதவாரியாக எழுதி வைத்தான்.

"ஏலே, நீ காலேஜுக்குப் படிக்கப் போறியா, பிரின்சிபாலாப் போறியா?" என்பான் பேச்சிமுத்து. எங்கள் பெஞ்சில் கடைசியில் உட்காருகிறவன்.

"ஒனக்கும் சேத்துத்தாம்லே எழுதுதேன். மார்க்கு மட்டும் நீ எடுத்துக்கோ."

"அதையும் நீயே எடுத்துத் தந்துரு."

ஆனால் மாலையில் மற்றவர்கள் போன பிறகு பேச்சிமுத்துவும் வந்து, இரண்டாவது குரூப் என்றால் என்ன பாடம் என்று கேட்பான். நான் கேட்க மாட்டேன். பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டிருப்பேன். ஒருநாள் பத்திரிகையில் பார்த்து நான் என் நோட்டில் எழுதி வைத்திருந்த ஒரு கவிதையைச் செல்லச்சாமி எடுத்துப் படித்தான். சீர் இல்லை, எதுகை இல்லை. "இதுக்கு எந்த விதியும் கெடையாதோ? இத யாரு பாஸ் போட்டா?" என்று கேட்டுத் திருப்பிக் கொடுத்தான். அவன் முகத்தில் உண்மையான கவலை இருந்தது.

பார்த்துப் பார்த்து எனக்கும் கல்லூரி ஆசை வந்துவிட்டது. நான் சேர நினைத்த கல்லூரியும் அவன் சேர நினைத்த கல்லூரியும் ஒன்றுதான், திருநெல்வேலிப் பக்கம். அதன் விதிகளை எனக்கு அவன் சத்தமாக வாசித்துக் காட்டினான். நான்காவது விதி, சேருகிற வருடம் ஜூலை பதினைந்தாம் தேதி பதினைந்து வயது நிறைந்திருக்க வேண்டும் என்றது. மற்ற இரண்டு புத்தகத்திலும் அதே விதிதான்.

"இத விடு. நமக்கெல்லாம் பதினாறு ஆச்சு," என்று சொல்லி ஐந்தாவது விதிக்குப் போனான். நானும் தலையாட்டினேன். நம் வயதை யாரும் புத்தகத்தில் பார்த்துத் தெரிந்துகொள்வதில்லை.

தேர்வு முடிந்தது. ஜூன் முதல் வாரத்தில் முடிவு வந்தது. செல்லச்சாமி பள்ளிக்கூடத்தில் இரண்டாவது. நான் பாஸ். பேச்சிமுத்து கணக்கில் பெயில். மார்க்கும் பிறந்த தேதியும் உள்ள எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தைக் கையில் கொடுத்தார்கள். அதைத் தட்டச்சில் நகல் எடுத்து, உண்மை நகல் என்று ஒரு கெசட்டட் அதிகாரியிடம் கையெழுத்தும் முத்திரையும் வாங்க வேண்டும். தென்காசியில் இருந்த அதிகாரிகள் வீட்டு வாசலில் எங்களைப் போல முப்பது பேர் நின்றார்கள்.

செல்லச்சாமி அதற்கும் ஒரு வழி வைத்திருந்தான். "குத்தாலத்துக்கு வா. சீசன். எல்லா ஆபீசரும் அங்கன துண்டோட இருப்பான்."

நல்ல சாரல். நகல்களை ஒரு தகர டப்பாவில் போட்டு, அதைக் குடைக்குள் பிடித்துக்கொண்டு விடுதி விடுதியாகப் போனோம். அதிகாரிகள் இருந்தார்கள், முத்திரை கொண்டு வந்தவர்கள் இல்லை. நான்காவது விடுதியில், வராந்தாவில் பிரம்பு நாற்காலி போட்டுத் தலையில் எண்ணெயோடு ஒருவர் ஊறிக்கொண்டிருந்தார். கால்நடைத் துறையில் மாவட்ட அதிகாரி, மதுரைக்காரர்.

"சீலா? சீல் இல்லாம நான் குளிக்கக்கூடப் போறதில்லப்பா," என்று சிரித்து, உள்ளே போய்ப் பையோடு வந்தார். கையைத் துண்டில் துடைத்தும் எண்ணெய் போகவில்லை. என் நகல்கள் நான்கிலும் ஓரத்தில் அவர் கட்டைவிரல் பதிந்தது. பிறகு செல்லச்சாமியுடையதை எடுத்தார். மூலத்தையும் நகலையும் ஒத்துப் பார்த்தார். பேனா நின்றது.

"தம்பி, ஆகஸ்டு நாப்பத்தாறுன்னு இருக்கே."

"ஆமா சார்."

"அப்ப பதினஞ்சு நெறையலையே. எடுப்பாங்களா? எங்க அண்ணன் மகனைப் போன வருஷம் இதுக்குத்தான் திருப்பி அனுப்பிட்டாங்க."

செல்லச்சாமி வலது கை விரல்களை மடக்கி எண்ணினான். "நாப்பத்து நாலு நாளு கொறையுது சார்," என்றான். வேறு யாருடைய கணக்கையோ சரிபார்த்துச் சொல்வது போல இருந்தது.

அவர் எங்கள் இரண்டு பேரையும் பார்த்தார். "காப்பி சரியாத்தான் இருக்கு. அதுக்கு நான் கையெழுத்துப் போடலாம்," என்று நான்கிலும் போட்டு, முத்திரை குத்திக் கொடுத்தார்.

வெளியே வந்ததும், "குளிச்சிட்டுப் போவமா?" என்று கேட்டான். டப்பாவை ஒரு கடையில் கொடுத்துவிட்டு அருவிக்குப் போனோம். கூட்டம் நெருக்கித் தள்ளியது. அவன் நகரவே இல்லை. பின்னால் நின்ற ஒருவர், "ஏலே, குத்தகைக்கு எடுத்துருக்கியா?" என்று தோளைப் பிடித்து இழுத்துவிட்டார். பேருந்தில் வரும்போது, "மூணு தடவ படிச்சேம்லே அத," என்றான். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

மறுநாள் அவன் வீட்டில் சொன்னபோது நானும் இருந்தேன். மாடத்திக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும், "எம்புள்ளைய நான் என்னைக்குப் பெத்தேம்னு எனக்குத் தெரியாதா? நான் வந்து சொல்லுதேன். எவன் இல்லங்கான்னு பாப்போம்," என்றாள்.

"நீ சொன்னா எடுபடாது," என்றார் சுடலையாண்டி. "தேதி கொடுத்தது நான். நானே போய்ச் சொல்லுதேன்."

அடுத்த திங்கட்கிழமை காலை ரயிலில் சுடலையாண்டி, செல்லச்சாமி, நான் மூன்று பேரும் போனோம். அவர் சலவை வேட்டி கட்டியிருந்தார். மஞ்சள் பையில் தன்னுடைய பட்டாளத்து விடுவிப்புச் சான்றிதழைக் கொண்டு வந்திருந்தார். அதில் நடத்தை மிக நன்று என்று இங்கிலீஷில் இருந்தது. அதை எதற்குக் கொண்டு வந்தார் என்று நாங்கள் கேட்கவில்லை.

கல்லூரி அலுவலகத்தில் விண்ணப்பம் வாங்கியவர் பெயர் ஏசுதாசன். அமைதியான மனிதர். என் தாள்களை ஐந்து நிமிடத்தில் பார்த்து, ஒரு எண்ணைப் போட்டு வாங்கிக்கொண்டார். செல்லச்சாமியுடையதை இரண்டு முறை பார்த்தார். மார்க்கைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். பிறகு தேதி.

"அது தப்பான தேதி, ஐயா," என்றார் சுடலையாண்டி. நிமிர்ந்து, கைகளைத் தொடையோடு ஒட்டி நின்றிருந்தார். "தைமாசம் பெறந்த பய. ஒண்ணரை வருசம் முன்னால. நாந்தான் கொறைச்சிக் கொடுத்தேன்."

"எல்லாரும் கொடுக்கிறதுதான், பெரியவரே. ஆனா இங்க நான் புத்தகத்தைத்தான் பாக்கணும்." ஏசுதாசன் கொஞ்சம் யோசித்தார். ஒரு வெள்ளைத்தாளை எடுத்து மேசையில் வைத்தார். "ஒண்ணு செய்யலாம். மகனைச் சேக்கும்போது தெரிஞ்சே பொய்யான தேதி கொடுத்தேன்னு உங்க கைப்பட எழுதி, கையெழுத்துப் போட்டுக் கொடுங்க. ஜாதகம் இருந்தா அதையும் வைங்க. பிரின்சிபால் பாத்து மேல அனுப்புவாரு. நடந்தாலும் நடக்கும். நடக்காமலும் போகும்."

"எழுதுதேன்."

அவருக்கு எழுத்து மெதுவாக வரும். 'குத்துக்கல்வலசையில் இருக்கும்' என்று தொடங்கி, தன் பெயரை எழுதி, 'நான் தெரிந்தே' என்பதுவரை வந்தார். பேனாவை எடுத்துவிட்டு மறுபடி வைத்தார். அடுத்து எழுத வேண்டிய சொல் என்னவென்று அங்கிருந்த நான்கு பேருக்கும் தெரியும். அவர் கழுத்து வேர்த்திருந்தது. வரிசையில் எங்களுக்குப் பின்னால் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

செல்லச்சாமி தாளின் மேல் உள்ளங்கையை வைத்தான்.

"வேண்டாம்ப்பா."

"கையை எடுலே."

"வேண்டாம். அடுத்த வருசம் பாத்துக்கிடலாம்."

"ஒரு வருசம் போயிருமேலே ஒனக்கு."

"போட்டும். மூணாங் கிளாசுல மிச்சம் புடிச்ச வருசந்தான அது."

சுடலையாண்டி மகனைப் பார்க்கவில்லை. ஏசுதாசனைப் பார்த்தார். ஏசுதாசன் மைக்கூட்டின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தார். செல்லச்சாமி தாளை உருவி நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். தன் விண்ணப்பத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு, எனக்குக் கொடுத்த எண் சரியாக எழுதப்பட்டிருக்கிறதா என்று ஒருமுறை பார்த்தான். பிறகு போகலாம் என்றான்.

திரும்பும் ரயிலில் பாவூர்சத்திரம் தாண்டியதும் சுடலையாண்டி, "வேற ஒருத்தனும் இப்படி மாட்டலையே," என்றார். எங்களிடம் சொன்ன மாதிரி இல்லை.

நான் பி.யூ.சி.யில் சேர்ந்தேன், பட்டப்படிப்புக்கு முந்தைய ஒரு வருடப் படிப்பு. விடுதியில் இருந்தேன். முதல் மாதத்தில் அவனுக்கு இரண்டு கடிதம் எழுதினேன். இரண்டிலும் பொய்யாக, கல்லூரி ஒன்றும் பெரிதாக இல்லை என்று எழுதினேன். அவன் ஒரு கார்டு போட்டான். குற்றாலத்தில் ஒரு விடுதியில் சீசன் முடியும்வரை ரிஜிஸ்டர் எழுதுகிற வேலை. வருகிறவர்களின் பெயர், ஊர், வயது எழுத வேண்டும். 'வயதை யாரும் யோசித்துச் சொல்வதில்லை' என்று ஒரு வரி இருந்தது. வேறு விசேஷம் இல்லை.

சீசன் முடிந்ததும் பாவூர்சத்திரத்தில் ஒரு காய்கறிக் கமிஷன் கடையில் எடைச்சீட்டு எழுதப் போனான். தீபாவளி விடுமுறையில் அங்கே போய்ப் பார்த்தேன். வெண்டைக்காய் மூட்டைகளுக்கு நடுவில் நின்று எழுதிக்கொண்டிருந்தான். தோள் அகன்றிருந்தது. மீசை வந்திருந்தது. லோடுமேன்கள் அவனிடம் மரியாதையாகப் பேசினார்கள். அடுத்த வருடம் விண்ணப்பம் எப்போது போடுகிறாய் என்று கேட்க வாய்வரை வந்தது. அவனாகச் சொல்வான் என்று விட்டுவிட்டேன். அவன் சொல்லவில்லை. "சாப்ட்டியா?" என்று மட்டும் கேட்டான். பொங்கலுக்கும் அப்படித்தான். சரி, விட்டுவிட்டான் என்று நினைத்துக்கொண்டேன். அதில் எனக்குத் துக்கம் வந்ததாகச் சொல்ல முடியாது. ஆறேழு மாதத்தில் மனதில் அந்த இடம் மரத்துப்போயிருந்தது.

1962 ஜூலையில் நான் பி.எஸ்ஸி. முதல் வருடம். கல்லூரி திறந்து மூன்றாவது நாள், பி.யூ.சி. கட்டிடத்துக்குப் பக்கத்துக் குழாயில் ஒருவன் டிபன் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தான். முதுகைப் பார்த்ததும் தெரிந்தது.

"எப்பலே வந்தே?"

"திங்கக்கெழம."

"சொல்லவே இல்லியேடா."

"சொல்லுததுக்கு என்ன இருக்கு? கார்டு வந்துது, வந்தேன்."

"அப்பா வந்தாரா?"

"இல்ல. ரயிலேத்தி விட்டாரு."

மகிழ்ச்சியாக இருக்கிறாயா என்று கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை. அவன் பாத்திரத்தைக் கவிழ்த்துத் தண்ணீரை உதறினான்.

அப்போது மீசை அரும்பாத ஒரு பையன் மூச்சு வாங்க ஓடி வந்தான். அவன் கையில் நேர அட்டவணை. எங்கள் இரண்டு பேரையும் பார்த்து, செல்லச்சாமியைத் தேர்ந்தெடுத்தான்.

"அண்ணாச்சி, பி.யூ.சி. மொத குரூப்பு கிளாஸ் எங்கன இருக்கு?"

செல்லச்சாமி அவனை ஏற இறங்கப் பார்த்தான். "மாடில, ரெண்டாவது ரூம்பு," என்றான். "மெல்லப் போ. படி ஈரமா இருக்கு."

பையன் போனான். செல்லச்சாமி பாத்திரத்தைப் பையில் வைத்து, கையைத் துடைத்துக்கொண்டு, அவன் பின்னாலேயே படி ஏறி அதே அறைக்குள் போனான்.