மீன்காரி அக்கா வெட்டித் தந்த வட்டம்

எங்கள் ஊரில் தேங்காய் எண்ணெய்க்கு ஆகாத வியாதி கிடையாது. தீப்புண்ணா, எண்ணெய். வேர்க்குருவா, எண்ணெய். கதவு கிரீச்சிட்டால்கூட முதலில் எண்ணெய்க் கிண்ணத்தைத்தான் தேடுவார்கள். அதனால் நான் ஆறாம் வகுப்பு படித்த வருஷம் அப்பாவின் வயிற்றுத் தோல் வெந்து சிவந்தபோது அம்மா என்ன செய்திருப்பாள் என்று சொல்ல வேண்டியதில்லை. இன்றைக்கும் எண்ணெய் பாட்டிலைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது. எண்ணெய் என்ன செய்யும், பாவம். கோபப்பட வேண்டிய ஆட்கள் வேறு, அந்த வரிசையில் நானும் உண்டு.

இரணியல் பக்கம் எங்கள் வீடு. சந்தியில் அப்பாவுக்குப் பலசரக்குக் கடை. அவருக்குக் குடலில் கட்டி என்று ஆஸ்பத்திரியில் அறுவைச் சிகிச்சை செய்து, குடலின் நுனியை இடதுபக்க வயிற்றில் வெளியே எடுத்துத் தைத்து அனுப்பினார்கள். இனி மலம் அந்த வழியாகத்தான் வரும், அதைப் பிடிக்க ஒரு பை. பையின் வாயில் மெழுகு போல ஒட்டுகிற வில்லை ஒன்று இருக்கும். அதன் நடுவில் ஓட்டை வெட்டி, குடல் வாயைச் சுற்றித் தோலில் ஒட்ட வேண்டும். ஓட்டைக்கு அளவாக ஓர் அட்டையை வெட்டிக் கொடுத்து, இதை வைத்து வரைந்துகொள்ளுங்கள் என்றார்கள். அதோடு அவர்கள் கடமை முடிந்தது. அந்த அளவு எத்தனை நாளைக்குச் செல்லும் என்று சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை.

வெட்டுகிற வேலை என்னுடையது. அம்மா வெட்டினால் வட்டம் கோணிக்கொண்டு போகும். நான் அட்டையை வில்லையின்மேல் வைத்து, பேனாவால் வரைந்து, ஒரு பிசிறு இல்லாமல் வெட்டுவேன். அப்பா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, காம்பஸ் வைத்ததுபோல் இருக்கிறது என்பார். ஓவியப் போட்டியில் வாங்கிய பரிசுகூட எனக்கு அவ்வளவு பெருமையாக இருந்ததில்லை.

அப்படி அழகாக வெட்டிய வில்லை ஒரு நாள்கூட நிற்கவில்லை. காலையில் ஒட்டினால் மத்தியானத்துக்குள் ஓரம் தூக்கிக்கொள்ளும். கசிவு சட்டையில் பட்டு, இடுப்பில் கட்டிய சாரத்தில் பட்டு, பாயில் படும். தோல் வெந்தது. அம்மா எண்ணெய் தேய்த்தாள். எண்ணெய் தேய்த்த இடத்தில் அடுத்த வில்லை அதைவிடச் சீக்கிரம் வழுக்கியது. தோல் இன்னும் வெந்தது, அம்மா இன்னும் தேய்த்தாள். அப்பா கடைக்குப் போவதை நிறுத்தினார். ஆள் வந்தால் உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

இதற்கிடையில் அத்தை மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. அத்தை என்றால் அப்பாவின் கூடப்பிறந்த அக்கா. எங்கள் தெருவிலேயே நாலு வீடு தள்ளி இருந்தாள். அவள் மகளை நான் மைனி என்று கூப்பிடுவேன்; மாமா இறந்தபோது மைனிக்கு மூன்று வயதாம். பள்ளிக்கூடத்துக்கு முதல் நாள் கைபிடித்துக் கூட்டிப்போனது அப்பாதான், காதுகுத்துக்கு மடியில் வைத்திருந்ததும் அப்பாதான். கல்யாணத்தன்று மாலை போட்டு, கையைப் பிடித்து மணவறைக்குக் கூட்டிவர வேண்டிய தாய்மாமனும் அவர்தான். உள்ளறையில் படுத்தபடியே தோவாளைப் பூச்சந்தையில் என்ன மாலை சொல்ல வேண்டும் என்று அவர் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது எங்களுக்குத் தெரியும்.

கல்யாணத்துக்குப் பத்து நாள் இருக்கையில் அத்தை வந்தாள். வாசல்படியைத் தாண்டாமல், சேலைத் தலைப்பை மூக்கில் வைத்துக்கொண்டு பேசினாள்.

"ஒனக்கு முடியல்லன்னா கஷ்டப்படாண்டாம்டே. மாமன் முறைக்கு வேற ஆள நிறுத்திக்கிடலாம். சபையில வச்சு ஏதாவது ஆச்சின்னா மாப்பிள்ள வீட்டுக்காரங்க முகத்தில எப்பிடி முழிக்கது?"

எனக்கு அந்தத் தலைப்பைப் பிடுங்கி எறிய வேண்டும் போலிருந்தது. அவள் மகளைத் தன் மகள்போல வளர்த்த மனிதரை, அவர் வீட்டு வாசலிலேயே நின்று வேண்டாம் என்கிறாள். அதுவும் என்ன அன்பாகச் சொல்கிறாள்!

மறுநாள் காலை அம்மா புறவாசலில் சாரத்தை அலசிக்கொண்டே அழுதாள். அந்த நேரத்தில்தான் மீன்காரி அக்கா வந்தாள். முட்டத்துக் கடற்கரையிலிருந்து அலுமினியச் சருவத்தில் மீன் சுமந்து வருபவள். அம்மா வயதுதான் இருக்கும். எங்கள் தெருவில் எல்லா வீட்டுக்கும் அவள்தான் மீன், கேட்டால் வாசலிலேயே வெட்டியும் கொடுப்பாள். ஆனால் நடைக்கு இந்தப்பக்கம் அவள் கால் வைத்ததில்லை, வைக்கவிட்டதுமில்லை. அன்று கூப்பிட்டுப் பார்த்துப் பதில் வராமல், வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்னால் வந்துவிட்டாள்.

துவைகல்லில் கிடந்த பழைய வில்லையைப் பார்த்தாள். பக்கத்தில் இருந்த எண்ணெய் பாட்டிலைப் பார்த்தாள். சருவத்தை இறக்கி வைத்தாள்.

"எண்ணெயத் தேச்சா எங்கயாவது ஒட்டுமாக்கா? இந்த ஓட்டைய யாரு வெட்டினா?"

நான்தான் என்றேன், பாராட்டுவாள் என்று.

"நல்லாத்தான் வெட்டியிருக்க மக்கா. ஆனா ஆப்ரேசன் முடிஞ்சி மூணு மாசம் ஆச்சில்லா? வீக்கம் வடிஞ்சா குடலு சுருங்கிப் போவும். நீ இன்னும் பழைய அளவுக்கே வெட்டுத. மிச்ச எடத்தில எல்லாம் தோலு தொறந்து கெடக்கும், கழிவு பட்டு வேவாதா?"

அம்மா அவளை ஒரு மாதிரி பார்த்தாள். உனக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்று கேட்டாள். மீன்காரி அக்கா ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, இடுப்புப் பக்கம் சேலையைக் கொஞ்சம் விலக்கினாள். அப்பாவுடையதைப் போலவே ஒரு பை.

"ஆறு வருசமா எனக்கும் உண்டு. இது இந்த வீட்டோட இருக்கட்டும்க்கா. நான் மீன் வித்துப் பொழைக்கியவ."

அப்பா முதலில் ஒத்துக்கொள்ளவே இல்லை. மீன்காரி என் வயிற்றைப் பார்க்கிறதா என்று உள்ளே இருந்து கத்தினார். அம்மா அப்பாவை எதிர்த்துப் பேசி நான் கேட்டது அன்றைக்குத்தான். "பின்ன, ஒங்க அக்கா வந்து பாப்பாளா?" என்று அவள் போட்ட சத்தத்தில் அப்பா சட்டையைத் தூக்கினார்.

மீன்காரி அக்கா கையைத் தேய்த்துக் கழுவிவிட்டு வந்து, ஒரு நூலால் குடல் வாயைச் சுற்றி அளந்தாள். பழைய அட்டையில் பாதிக்குக் கொஞ்சம் கூடத்தான் இருந்தது. புது அட்டையில் அவளே வட்டம் வெட்டினாள். சுற்றிலும் ஒரு நூல் கனத்துக்கு மட்டும் இடம் விட்டாள், குடலை நெருக்கவும் கூடாது, தோலைத் திறந்துவிடவும் கூடாது என்று. தோலை வெறும் தண்ணீரில் கழுவி, ஒற்றி, ஃபேன் காற்றில் காய வைக்கச் சொன்னாள். எண்ணெயோ முகப் பவுடரோ கிட்டேயே வரக்கூடாதாம். வெந்த இடத்துக்கு என்று, மறுநாள் அவளுடைய மருந்துப் பொடியிலிருந்து கொஞ்சம் கொண்டுவந்து தூவி, மிச்சத்தை ஊதிவிட்டாள். பிறகு புது வில்லை ஒட்ட அப்பாவை நேராக நிற்க வைத்தாள், உட்கார்ந்தால் வயிறு மடியும், மடிப்பில் ஒட்டினால் கசியும் என்று. வில்லையைக் கக்கத்தில் வைத்துச் சூடாக்கி ஒட்டி, அதன்மேல் உள்ளங்கையை வைத்து அவரையே முந்நூறு எண்ணச் சொன்னாள். கடைசியில் அப்பாவின் சாரக்கட்டைக் காட்டிச் சிரித்தாள். "முடிச்ச அதுக்கு மேலயே போட்டா அது என்ன செய்யும் அண்ணாச்சி? பைக்கு மேல ஏத்திக் கெட்டுங்க."

வில்லை மூன்று நாள் அசையவில்லை. நாலாம் நாள் அப்பா கடையைத் திறந்தார்.

கல்யாணத்தன்று பட்டு வேட்டியைக் கொஞ்சம் ஏற்றிக் கட்டிக்கொண்டு, அப்பா மைனியின் கையைப் பிடித்து மணவறைக்குக் கூட்டிவந்தார். முன்தினம் மத்தியானத்திலிருந்து அவர் ஒன்றும் சாப்பிடவில்லை என்பது எனக்கு வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது. மாலை போடும்போது மைனி அழுதாள். அம்மாவும் அழுதாள். அத்தை மட்டும் அப்பாவின் வேட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதோடு நின்றிருக்கலாம். பந்தியில் அத்தை சொந்தக்காரப் பெண்கள் நடுவில் நின்றுகொண்டு, கடவுள் புண்ணியத்தில் ஒரு நாற்றமும் இல்லை, எனக்குத்தான் காலையிலிருந்து அந்த வேட்டியைவிட்டுக் கண்ணை எடுக்க முடியவில்லை என்றாள். சிலர் சிரித்தார்கள். இரண்டு இலை தள்ளி அப்பா உட்கார்ந்திருந்தார். அவர் காதில் விழுந்தது. பத்து நாளாக எனக்குள் கிடந்ததெல்லாம் வெளியே கொட்டிவிட்டது.

"எங்க அப்பாவுக்கு மட்டுமா உண்டு? மீன்காரி அக்காவுக்கும் உண்டு. ஆறு வருசமா வயித்தில பையோடதான் அவ ஒங்களுக்கு மீன் வெட்டித் தாறா. நல்லாத்தானே திங்கிய!"

சோற்றைப் பிசைந்துகொண்டிருந்த கைகள் அப்படியே நின்றன. அத்தையின் முகம் போன போக்கைப் பார்த்து எனக்கு வந்த சந்தோஷத்துக்கு அளவில்லை. அவளை ஜெயித்துவிட்டேன். அம்மா என் கையைப் பிடித்து நசுக்கியது எதற்கென்று புரியவில்லை. இந்த வீட்டோடு இருக்கட்டும் என்று மீன்காரி அக்கா கேட்டது அம்மாவிடம்தானே, என்னிடம் இல்லையே.

கல்யாணம் முடிந்து இரண்டாம் நாள் மீன்காரி அக்கா வந்தாள். நான் நடையில் நின்று பார்த்தேன். அத்தை வீட்டில் கதவு திறக்கவில்லை. அடுத்த வீட்டில் வேண்டாம் என்றார்கள், அதற்கடுத்த வீட்டிலும். சருவம் நிறைய சாளை மீன், வெயில் பட்டு மினுங்கியது. எங்கள் வாசலுக்கு வந்தபோது அம்மாவிடம்கூட அவள் மீன் வேண்டுமா என்று கேட்கவில்லை.

"அண்ணாச்சி மேடையில நின்னாராக்கா? ஒட்டினது நின்னுதா?"

நின்றது என்றாள் அம்மா. அப்புறம் தெருவை இந்தப்பக்கமும் அந்தப்பக்கமும் ஒருமுறை பார்த்துவிட்டு, அவளாகவே இன்றைக்கு எங்களுக்கு விரதம் என்றாள். அப்படி ஒரு விரதம் எங்கள் வீட்டில் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. மீன்காரி அக்கா சரி என்று தலையாட்டினாள். என்னைப் பார்த்து, "வட்டத்த மாசம் ஒருக்க அளந்து பாத்துக்க மக்கா" என்றாள். சருவத்தைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு போனாள். பிறகு எங்கள் தெருவுக்கு அவள் வரவே இல்லை.

அன்று மத்தியானம் அப்பா கடையிலிருந்து வந்து நிம்மதியாகச் சாப்பிட உட்கார்ந்தார். சருவம் நிறைய சாளை வந்தும் ஏன் வாங்கவில்லை என்று நான் அம்மாவிடம் சண்டை பிடித்தேன். மீன் இல்லாத சோறு எனக்கு வேண்டாம் என்று எழுந்து போனேன்.