வைகை மணலில் ஒன்பதாம் எண் வண்டி

வியாழக்கிழமை மாலை. திருச்சியிலிருந்து வந்த பாசஞ்சர் வண்டி மதுரை நிலையத்தில் நின்றபோது வெயில் தணிந்திருந்தது. இரண்டாம் உலக யுத்தம் தொடங்குவதற்குச் சில ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு மாசி மாதம் அது. நான் அப்போது திருச்சியில் பெண்கள் பள்ளி ஒன்றில் ஆசிரியை. மாதப் பத்திரிகை ஒன்றுக்கு அவ்வப்போது எழுதியும் வந்தேன். மோட்டாரைப் பற்றி நான் அறிந்ததெல்லாம், அது வரும்போது ஓரமாக ஒதுங்கிச் சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொள்ள வேண்டும் என்பது மட்டுமே. அப்படிப்பட்ட என்னை மோட்டார் பந்தயத்தைப் பற்றி எழுதுவதற்காக அண்ணன் அழைத்திருந்தார்.

நிலையத்திலிருந்து தல்லாகுளத்துக்கு ஜட்கா வாடகை நாலணா. வைகைப் பாலத்தைக் கடக்கும்போது கீழே எட்டிப் பார்த்தேன். நீர் ஒரு கரையோரமாக மட்டும் மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது, எஞ்சியதெல்லாம் மணல். அந்த மணலுக்கு இந்தப் பயணத்தில் இவ்வளவு பெரிய பங்கு இருக்கும் என்று அப்போது நான் நினைக்கவில்லை.

அண்ணன் தல்லாகுளத்தில் வக்கீலாக இருந்தார். ஊரின் மோட்டார் சங்கத்துக்குச் செயலாளரும் அவரே. சாப்பாட்டின்போது விஷயத்தைச் சொன்னார்.

"வருஷா வருஷம் நடத்துறோம்மா. இங்க கிளம்பிக் கம்பம் வரைக்கும் எண்பது மைல் போயி மறுநாள் திரும்பணும். மெட்ராஸ் பேப்பர்ல என்ன வருது தெரியுமா? கலெக்டர் வீட்டம்மா கோப்பை குடுத்தாகன்னு ரெண்டு வரி. ரோட்டுல நிக்கிற சனத்துக்கு அந்த ரெண்டு வரியும் இல்ல."

"அதுக்கு நான் என்ன செய்யணும்ணே?"

"தமிழ்ல எழுது. அதோட இன்னொண்ணும் இருக்கு. காஜிமார் தெரு இப்ராகிம்னு ஒரு பஸ் டிரைவர். இந்த வருஷம் அவரையும் ஓட்டச் சேர்த்திருக்கேன். ஜவுளிக்காரர் ஒருத்தர் தன் பழைய காரைக் குடுத்திருக்கார். சம்பளத்துக்கு ஓட்டுற ஆளை எதுக்குச் சேர்த்தேன்னு சங்கத்துல பாதிப் பேருக்குக் கோபம். அவர் விதியை மீறினார்னு ஒரு சொல் வந்தாப் போதும், இனி அவரை மாதிரி ஆளுகளுக்குக் கதவைச் சாத்திருவாங்க."

வெள்ளிக்கிழமை பிற்பகல். இப்ராகிம் ஜும்மா தொழுகையை முடித்துக்கொண்டு வண்டியோடு வந்தார். முப்பது வயதிருக்கும், மெலிந்த உடல். கறுப்பு வண்டியின் பக்கவாட்டில் வெள்ளைச் சாயத்தால் 9 என்று எழுதியிருந்தது. வழியைப் பார்த்துவர நாங்கள் மூவரும் புறப்பட்டோம். பரவை, சமயநல்லூர் வழியாகச் சோழவந்தான் பதினான்கு மைல். அங்கே ஆற்றில் இறங்கி மணலைக் கடந்தால் எதிர்க்கரையில் தென்கரை என்ற ஊர். பாலம் கிடையாது. மாட்டு வண்டிகள் போன தடம் மட்டும் மணலில் இரு கோடுகளாக ஓடியது.

"இந்த மணலுதாம்மா பந்தயமே. மத்ததெல்லாம் சும்மா ரோடு," என்றார் இப்ராகிம். சக்கரங்களில் காற்றைக் கொஞ்சம் இறக்கிவிட்டுத் தடத்தின் மேலேயே மெதுவாக ஓட்டிக் கரையேற்றினார்.

தென்கரையில் ஆற்றை ஒட்டி வெற்றிலைக் கொடிக்கால்கள். பந்தல் நிழலில் பேச்சி என்ற பெண்மணி வெற்றிலையை அடுக்கி வாழைநாரால் கட்டுக் கட்டிக்கொண்டிருந்தாள். போன வருடப் பந்தயத்தைப் பார்த்தாயா என்று கேட்டேன்.

"எங்கத்தா பாக்க? புழுதி வந்துச்சு, புழுதி போச்சு. உள்ள மனுசன் இருந்தானா, பூசணிக்கா இருந்துச்சான்னே தெரியல."

"நம்பர் எழுதியிருந்ததே," என்றார் அண்ணன்.

"நம்பரை வச்சு நான் என்ன செய்யட்டும் சாமி? மஞ்சுவிரட்டுன்னா மாடு வெளிய வாறதுக்கு முந்தியே இன்ன ஊரு, இன்னார் வீட்டு மாடுன்னு சொல்லிருவாக. வாழ்த்தவா வையவான்னு நமக்கும் ஒரு முடிவு இருக்கும். நம்பருக்கு எவ கொலவை போடுவா?"

திரும்பும் வழியெல்லாம் எனக்கு அந்தப் பேச்சுத்தான். மாட்டின் பெயரைச் சொல்கிற ஆளையே அழைத்துவந்தால் என்ன என்று அண்ணனிடம் கேட்டேன். அவர் சிரித்தார், ஆனால் வண்டியை வீட்டுக்கு விடச் சொல்லவில்லை. நகரைத் தாண்டித் தெற்கே அவனியாபுரம் போய்ச் சேர்ந்தபோது விளக்கு வைக்கும் நேரம்.

முத்தையா என்பவர்தான் அங்கே பொங்கல் ஜல்லிக்கட்டில் அறிவிப்பவர். காளை வெளிவரும் வாடிவாசலுக்கு மேலே பரணில் நின்று, தகரக் குழலை வாயில் வைத்து, வருகிற காளையின் ஊரையும் பேரையும் கூவுவார். விவசாயி, கொஞ்சம் தற்பெருமை உண்டு.

"மோட்டாருக்கு மூக்கணாங்கயிறு உண்டாம்மா?"

"இல்லை."

"அப்பக் கொஞ்சம் கஷ்டம்தான். துரைமாரு பேரெல்லாம் வாயில நுழையாதே."

"நுழையுற பேரா நீங்களே வச்சுக்கங்க," என்றேன்.

அதன்பின் ஒரே ஒரு நிபந்தனைதான் விதித்தார்: காரில் முன்னிருக்கை தமக்கு வேண்டும்.

சனிக்கிழமை காலை. வண்டிகளுக்கு முன்பாகவே அண்ணனின் காரில் தென்கரையை அடைந்தோம். முத்தையா கரைமேட்டில் ஏறிக் குழலை எடுத்தார். முதலில் பத்திருபது பேர் இருந்தார்கள். அந்தக் குரலைக் கேட்டுக் கொடிக்கால்களிலிருந்தும் முள்ளிப்பள்ளம் பக்கமிருந்தும் ஆட்கள் ஓடிவந்தார்கள்.

"வருதுய்யா வருது, மூணாம் நம்பர். கொடைக்கானல் மலையில குளிருக்குப் பயந்து ஓடியாற துரை காரு. பத்திரமாப் போங்க துரை, கீழ வெக்கை உண்டு."

மணலில் ஒவ்வொரு வண்டியும் திணறித் திணறிக் கரையேறியது. கூட்டம் சிரித்தது, கைதட்டியது, எது யாருடையது என்று வாதாடியது. நான் பக்கத்தில் நின்ற பெண்களின் பேச்சைக் குறித்துக்கொண்டே இருந்தேன். என் யோசனை பலித்துவிட்டது என்ற மகிழ்ச்சி, மறைப்பானேன், நிறையவே இருந்தது.

"அடுத்து ஒன்பதாம் நம்பர். காஜிமார் தெரு இப்ராகிம். யாருன்னு நினைக்கிறீக? தென்கரை வெத்தலைக் கூடையை அம்புட்டையும் பஸ்ஸு மேல ஏத்தி, ஒரு இலை வாடாம மதுரையில எறக்குறாரே, அந்த மாப்ளதான்."

அது உண்மையே; முத்தையா இப்ராகிமிடமே கேட்டறிந்தது. தங்கள் கூடைகள் யார் ஓட்டும் பேருந்தில் போகின்றன என்பது மட்டும் அந்த ஊருக்கு அதுவரை தெரிந்திருக்கவில்லை. குலவைச் சத்தம் எழுந்தது. வண்டி கரைக்குச் சற்று முன்னால் வந்து பின்சக்கரம் மணலில் புதைந்து நின்றது. இப்ராகிம் கீழே இறங்கக் கதவைத் திறப்பதற்குள் பேச்சி சேலையை வரிந்து கட்டிக்கொண்டு ஆற்றில் குதித்துவிட்டாள். அவள் பின்னால் ஊரே போனது. "வேணாம், தொடாதீக," என்று இப்ராகிம் கத்தியதை அந்தக் கூச்சலில் யார் கேட்டார்கள்? வண்டியை ஏறக்குறையத் தூக்கிக் கொண்டுவந்தே கரைமேல் வைத்தார்கள்.

கரையில் குடைநிழலில் உட்கார்ந்திருந்த மேற்பார்வையாளர், மலைத் தோட்டத்திலிருந்து வந்த ஒரு துரை, எழுந்து வந்தார். வெளியாள் கை வண்டியில் படக்கூடாது என்பது விதி. முதல் முறையென்பதால் மதிப்பெண் குறைக்கப்படும். திரும்பும்போது ஒரு கை பட்டாலும் வண்டி பந்தயத்திலிருந்து நீக்கப்படும் என்று அமைதியாகச் சொன்னார்.

அண்ணன் என்னைப் பார்த்தார். "சனம் கிட்ட வரணும்னு சொன்னே. வந்திருச்சு. தொட்டும் போச்சு."

இப்ராகிம்தான் எனக்கு ஆறுதலாகப் பேசினார். "அவுகளை ஒண்ணும் சொல்லாதீங்கம்மா. பாசத்துல தொட்டுட்டாக. நாளைக்குத் தொடாமப் பாத்துக்கங்க, அது போதும். இன்ஷா அல்லா வாரேன்." வண்டி விக்கிரமங்கலம் சாலையில் திரும்பி மறைந்தது.

அன்று மாலை கொடிக்கால் பந்தலில் ஊராரைக் கூட்டி விதியை விளக்கினேன். பள்ளியில் பாடம் நடத்துவதுபோல் ஒழுங்காகவே விளக்கினேன். யாருக்கும் ஏறவில்லை.

"ஆத்துல ஒருத்தன் மாட்டிக்கிட்டா, பாத்துக்கிட்டே நிக்கணுமா? அது என்ன வெளாட்டு?" என்றார் ஒருவர்.

"துரைக்குத் தெரியாம ராத்திரியே தடத்துல ஓலையைப் பரப்பிருவமா?" என்றார் இன்னொருவர்.

"அதுவும் கூடாது," என்றேன்.

பேச்சி மட்டும் வெற்றிலையை அடுக்கிக்கொண்டே இருந்தாள். பிறகு நாரைக் கீழே வைத்துவிட்டு, "நாந்தேன் மொதல்ல தொட்டது. அந்தப் புள்ள பொழப்புல மண்ணைப் போட்டுட்டனா?" என்று கேட்டாள். இல்லை என்று சொன்னேன். அவள் நம்பியதாகத் தோன்றவில்லை.

ஞாயிற்றுக்கிழமை. சோழவந்தானில் தெரிந்தவர் வீட்டில் தங்கிவிட்டுக் காலையில் ஆற்றைக் கடந்து தென்கரைக்கு வந்தபோது திகைத்துப்போனேன். முந்தைய நாளைவிடப் பல மடங்கு கூட்டம். பந்தயத்தைப் பற்றி ஒருவருக்கொருவர் சொல்லிச் சொல்லியே அத்தனை பேரும் திரண்டிருந்தார்கள். இத்தனை கைகளையும் எப்படித் தடுப்பது என்று அண்ணன் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தவண்ணம் நின்றார்.

முத்தையா காலையிலிருந்து குழலைத் தொடவே இல்லை. வண்டிகள் ஒவ்வொன்றாகத் திரும்பி ஆற்றில் இறங்கி எதிர்க்கரை ஏறின. விக்கிரமங்கலம் பக்கம் ஒன்பதாம் எண்ணின் புழுதி தெரிந்ததும் குழலை எடுத்தார்.

"எல்லாரும் கேட்டுக்கங்க. வாடிவாசல்ல மொதல் மாடா எது வரும்?"

"கோயில் மாடு," என்றது கூட்டம்.

"அதை எவனாச்சும் பிடிப்பானா?"

"பிடிக்க மாட்டான்."

"தொடுவானா?"

"தொட மாட்டான்."

"இன்னைக்குப் பாய் காருதான் கோயில் மாடு. ஒதுங்கிக் கும்பிடு. தொட்டவன் எங்க ஊருப் பொங்கலுக்கு வந்துராதே."

நான் ஒரு மாலை முழுவதும் பேசிப் புரியவைக்க முடியாதது அவ்வளவில் முடிந்தது. கூட்டம் இரண்டாகப் பிளந்து வழிவிட்டது. ஆண்கள் துண்டை இடுப்பில் கட்டிக் கைகளை மார்பின் மேல் கட்டிக்கொண்டார்கள்.

பேச்சி என்னிடம் வந்து இரண்டு மணிக்கட்டுகளையும் சேர்த்து நீட்டினாள். அவள் கையில் வெற்றிலைக் கட்டும் வாழைநார் இருந்தது. "கட்டிவிடுங்கத்தா. எனக்கு என் கை மேல நம்பிக்கை இல்ல."

தளர்வாகக் கட்டினேன். இறுக்கச் சொன்னாள். இறுக்கினேன்.

வண்டி மணலில் இறங்கியது. பாதி ஆற்றைக் கடந்ததும் முந்தைய நாள் போலவே பின்சக்கரம் புதைந்தது. இப்ராகிம் இறங்கினார். இருபுறமும் கைகட்டி நிற்கும் ஊரை ஒருமுறை பார்த்தார். பிறகு மண்வெட்டியை எடுத்துத் தனியாகத் தோண்டத் தொடங்கினார். ஒருவரும் அசையவில்லை. ஆனால் வாய்கள் சும்மா இருக்கவில்லை.

"இடப்பக்கம் தோண்டுங்க மாப்ள."

"காத்தை எறக்குங்க பாய்."

"ஏய், சத்தம் போடாதீங்கப்பா," என்று அண்ணன் அதட்டினார்.

"கையைத்தான கட்டச் சொன்னீக, வாயையுமா?" என்று பதில் வந்தது.

இப்ராகிம் சக்கரத்தின் முன்னால் தம்முடைய கோணிகளை விரித்து வண்டியை நகர்த்தினார். ஒரு முழம் நகர்ந்து மீண்டும் புதைந்தது. மறுபடி தோண்டல், மறுபடி கோணி. உச்சிவெயில் மணலில் கொதித்தது. என் பக்கத்தில் பேச்சியின் தோள்கள் வண்டியோடு சேர்ந்து முன்னும் பின்னும் ஆடின; கைகள் நாருக்குள் திமிறின. தள்ளுவதற்குத் தெரிந்த அத்தனை பேரும் தள்ளாமல் நின்றதை நான் அன்று பார்த்தேன். துரைகூடக் குடையை விட்டு வெயிலுக்கு வந்துவிட்டிருந்தார்.

கடைசியில் சக்கரம் கோணியைப் பற்றியது. வண்டி ஒரு முனகலோடு மேலெழும்பித் தடத்தைப் பிடித்து, நிற்காமல் சோழவந்தான் கரையில் ஏறியது. அதுவரை அடங்கியிருந்த குலவை ஆறு முழுவதும் எழுந்தது. மேட்டின் உச்சியில் இப்ராகிம் கையை வெளியே நீட்டி அசைத்தார். ஊரே கையசைத்தது. பேச்சி மட்டும் கட்டுண்ட கைகளைத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினாள்.

திங்கட்கிழமை காலை. அண்ணன் என்னை வண்டியேற்ற நிலையத்துக்கு வந்தார். மதிப்பெண் குறைந்ததால் இப்ராகிமுக்குப் பரிசில்லை. ஆனால் துரை தம் அறிக்கையில், இரண்டாம் நாள் வண்டியில் எவர் கையும் படவில்லை என்பதை அடிக்கோடிட்டு எழுதியிருந்தாராம். அடுத்த வருடமும் இப்ராகிம் ஓட்டலாம் என்று சங்கம் ஞாயிறு இரவே ஒப்புக்கொண்டது. "முத்தையாவுக்கும் இப்பவே சொல்லி வச்சாச்சு. முன்சீட்டோட," என்றார். இப்ராகிம் கொடுத்தனுப்பியதாக ஒரு கவுளி தென்கரை வெற்றிலையை என் மடியில் வைத்தார்.

ரயில் புறப்பட்டது. எங்கள் ஊரிலும் காவிரி உண்டு, கோடையில் மணல் உண்டு, அதில் சிக்கும் வண்டிகளும் உண்டு. யாரேனும் ஓடிப்போய்த் தள்ளிவிடுவார்கள். யார் வண்டி என்றுகூட ஒருவரும் கேட்பதில்லை. அதை எண்ணிக்கொண்டிருந்தபோது எதிரே உட்கார்ந்திருந்த பெண் பேச்சுக் கொடுத்தாள். திண்டுக்கல்லில் இறங்க வேண்டியவள். பந்தயம் பார்க்கவா மதுரைக்கு வந்தீர்கள், யார் ஜெயித்தார்கள் என்று கேட்டாள்.

அப்போதுதான் உறைத்தது. கோப்பை வாங்கியவர் யாரென்று நான் ஒருவரையும் கேட்கவே இல்லை. அது பத்திரிகையில் வரும் என்று சொல்லிவிட்டு, அவளுக்கு வெற்றிலையை எடுத்துக் கொடுத்து, ஆற்றில் நடந்ததைச் சொன்னேன். சோழவந்தான் நிலையம் கடந்துபோனதைக்கூட இருவரும் கவனிக்கவில்லை. சொல்லி முடித்தபின் அவள் வெற்றிலையை மெல்லாமல் கையில் வைத்தபடியே கேட்டாள்.

"அந்தம்மா கையை யாரு அவுத்துவிட்டது?"

"நான்தான்," என்றேன். "முடிச்சு இறுகிப்போயிருந்தது. அவிழ்க்க வெகுநேரம் பிடித்தது."