வெங்காயத்தோல் நிறப் புடவை

விடிவதற்கு முன் தாம்பரத்திலிருந்து கோவளம் போவதைப் போல அலுப்பான காரியம் வேறு இல்லை. பல வருடம் போய் வந்தவன் என்பதால் இதைச் சொல்ல எனக்கு உரிமை உண்டு. வண்டலூரில் திரும்பிக் கேளம்பாக்கம் சாலையைப் பிடித்தால், மண் லாரிகள் எனக்கு முன்பே எழுந்து வந்திருக்கும். அவற்றின் பின்னால் தூசி தின்றுகொண்டே போய், ஸ்கூட்டரை நிறுத்தி, கேமரா முக்காலியை ஈர மணலில் ஊன்றி நின்றால், கிழக்கே மேகம் இழுத்துப் போர்த்திக்கொண்டு படுத்திருக்கும். சூரியன் எப்போது வந்தது என்றே தெரியாது. வெறுங்கையோடு திரும்பி வந்து, குளித்து, மறைமலை நகர் போகும் கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும்.

மேகம் இல்லாத நாளிலும் நிம்மதி கிடையாது. கடல் முதலில் சிலேட்டு நிறத்தில் இருக்கும். பிறகு மெல்லச் சிவக்கும். அந்தச் சிவப்பு அலையின் முதுகில் ஏறும் நேரத்தில்தான் லென்ஸில் உப்புத்தண்ணீர் தெறிக்கும். துடைத்துவிட்டு நிமிர்ந்தால் எல்லாம் வெளுத்துப்போய், சாதாரண வெயில் அடித்துக்கொண்டிருக்கும். இதற்காகவா தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டோம் என்று என் மேலேயே எரிச்சல் வரும். மறுவாரம் மறுபடியும் போவேன்.

வருடத்தில் ஒருமுறை, பள்ளிக்கூடம் விடுமுறை விட்டதும், மனைவியோடு நீலகிரிக்குப் போவேன். அவள் ஆசிரியை. ஊட்டியைத் தாண்டி அவலாஞ்சி பக்கம் இருக்கும் ஏரிகள்தான் எனக்குக் குறி. மலை ஏரியின் வெளிச்சம் கடலைவிட மோசமானது. ஒரு மேகம் நகர்ந்தால் தண்ணீர் கறுக்கும், அடுத்தது விலகினால் பச்சையாகும். நான் ஓடி ஓடிப் படம் எடுப்பேன். அவள் ஒரு கல்லில் உட்கார்ந்து ஃபிளாஸ்க்கிலிருந்து டீயை ஊற்றி, ஆறுவதற்குள் வந்து குடிக்கச் சொல்லிக்கொண்டே இருப்பாள். நான் ஒருநாளும் சூடாகக் குடித்ததில்லை.

என் வேலையைப் பற்றியும் சொல்ல வேண்டும். கார் உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் பெயின்ட் பிரிவில் இருந்தேன். பம்பருக்கு அடித்த நிறம் சரியா இல்லையா என்று கண்ணால் பார்த்துச் சொல்வது என் பொறுப்பு. அங்கே ஒரு சட்டம் உண்டு. எவ்வளவு அனுபவஸ்தனாக இருந்தாலும் ஞாபகத்தை வைத்து நிறத்தைத் தீர்மானிக்கக் கூடாது. மாஸ்டர் பேனல் என்று ஒரு மாதிரித் தகடு இருக்கும். அதைப் பக்கத்தில் வைத்துப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். ஓய்வு பெறும்வரை என் தீர்ப்பு தவறியதில்லை. அந்தத் திமிர் எனக்கு இருந்தது.

படங்களுக்கு அப்படி எந்த மாதிரித் தகடும் இல்லை. விடியற்காலையை வெட்டி எடுத்து வீட்டுக்குக் கொண்டுவர முடியாதே. வீட்டில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, கடல் எப்படி இருந்தது, ஏரி எப்படி இருந்தது என்று மனதில் நினைத்துக்கொண்டே நிறத்தைக் கூட்டிக் குறைப்பேன். திரையில் எல்லாம் லேசாகப் பழுப்படித்துத் தெரியும். பழுப்பு போகும்வரை நீலத்தை ஏற்றுவேன்.

அவலாஞ்சியில் எடுத்த ஒரு படத்தில் ஏரிக்கரையில் அவள் நிற்கிறாள். நான் எடுத்ததிலேயே நல்ல படம். தண்ணீரிலிருந்து எழுந்த வெளிச்சம் அவள் முகத்தில் விழுந்து, யாரோ கூப்பிட்டதற்குத் திரும்பியதைப் போல இருப்பாள். அதை அவளிடம் காட்டியபோது முதலில் புடவையைத்தான் பார்த்தாள்.

"இது வெங்காயத்தோல் கலருங்க. நீங்க கத்திரிப்பூ ஆக்கி வச்சிருக்கீங்க."

வெளிச்சம் மாறினால் நிறமும் மாறும், அது உனக்குப் புரியாது என்று சொல்லிவிட்டேன். பெயின்ட் பிரிவில் இத்தனை வருடம் குப்பை கொட்டியவனிடம் புடவைக் கலர் சொல்ல வந்துவிட்டாளே என்று கோபம்கூட வந்தது. அவள் சிரித்தாள். "சரி விடுங்க. ஆனா உங்க படத்துல மட்டும் எப்பவும் எல்லாருக்கும் குளிருது" என்றாள். மலை ஏரிக்குக் கிடைத்த பாராட்டாக அதை எடுத்துக்கொண்டேன்.

அவள் போய் இரண்டு வருடம் ஆகிறது. காய்ச்சல் என்று குரோம்பேட்டையில் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். பிறகு நடந்ததை எழுதத் தெம்பில்லை. அடக்க ஆராதனைக்குப் படம் வேண்டும் என்று மகள் கேட்டபோது, ஏரிக்கரைப் படத்தில் முகமும் தோளும் தெரியும் அளவுக்குப் பெரிதாக்கிக் கொடுத்தேன். அதுவே பிறகு சட்டம் போட்டு, ஹாலில் வசனக் காலண்டருக்குப் பக்கத்தில் ஏறியது. காலையில் அதற்கு எதிரே உட்கார்ந்துதான் டீ குடிப்பேன். சூடாகவே குடிப்பேன். கோவளம் போவது நின்றுவிட்டது.

போன மாதம் என் வலது கண்ணில் கண்புரை ஆபரேஷன் நடந்தது. கட்டுப் பிரித்த அன்று ஹால் சுவர் வெள்ளையாக இருந்தது. எங்கள் வீட்டுச் சுவர் சந்தன நிறம் என்றே நினைத்திருந்தேன். வலது கண்ணை மூடினால் டீ டிகாக்‌ஷன் பூசியதைப் போல இருந்தது, திறந்தால் வெள்ளை. குழந்தையைப் போல மூடி மூடித் திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அப்படியே பார்வை படத்துக்குப் போனது.

அவள் முகம் நீலம் பாரித்திருந்தது. உதடு, கன்னம், கழுத்து எல்லாம். கத்திரிப்பூ நிறத்தில் புடவை. ஐஸ் பெட்டியில் கடைசியாகப் பார்த்த முகம்தான் அது. நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

டாக்டர் பிறகு பொறுமையாகச் சொன்னார். புரை மெல்ல மெல்ல மஞ்சளடிக்கும், பல வருடமாக எல்லாவற்றையும் அதன் வழியாகத்தான் பார்த்திருப்பீர்கள், உங்களுக்கே தெரிந்திருக்காது என்றார். தொழிற்சாலையில் ஏன் தவறவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. பம்பரையும் மாதிரித் தகட்டையும் ஒரே மஞ்சளின் வழியாகப் பார்த்தேன், அதனால் தப்பித்தேன். கடலையும் ஏரியையும் அவளையும் ஞாபகத்தோடு ஒப்பிட்டேன். இடது கண்ணுக்கும் சீக்கிரம் செய்துவிடலாம் என்று டாக்டர் தேதி கேட்டார். மழை விடட்டும் என்றேன்.

மழைக்காக இல்லை. இடது கண்ணால் மட்டும் பார்த்தால் ஹாலில் அவள் சரியாகத்தான் இருந்தாள்.

அந்தப் படத்தை மாட்டியும் வைக்க முடியவில்லை, கழற்றவும் மனம் வரவில்லை. கேமராவிலிருந்து வந்த மூலப் படம் கம்ப்யூட்டரில் இருந்தது. திறந்தேன். எந்த அளவுக்கு நிறத்தை மாற்றினால் அது அவள் என்று எனக்குத் தெரியவில்லை. முப்பது வருடம் கூட இருந்தவளின் மாநிறம் இதுவா அதுவா என்று தெரியவில்லை. என் ஞாபகமே மஞ்சளடித்த ஞாபகம்தானே. இரண்டு நாள் உட்கார்ந்து பார்த்துவிட்டு அலுத்துப்போய் மூடினேன்.

மூன்றாம் நாள் துண்டு எடுக்க பீரோவைத் திறந்தபோது அவளுடைய புடவைகள் இருந்தன. மடிப்புக் கலையாமல், நடுவில் அந்தப் புடவை. வலது கண்ணால் பார்த்தேன். அசல் வெங்காயத்தோல். வேறு எந்தப் பெயரும் அதற்குப் பொருந்தாது.

ஜன்னலோரம் காலை வெளிச்சத்தில் புடவையைத் திரைக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டேன். இடது கண்ணைக் கைக்குட்டையால் கட்டிக்கொண்டேன். முகத்தைப் பார்க்கவே இல்லை. புடவையை மட்டும் பார்த்து நீலத்தைக் குறைத்துக்கொண்டே வந்தேன். வெளியே மேகம் மறைத்தபோது காத்திருந்தேன், விலகியதும் மறுபடி பார்த்தேன். துணியும் திரையும் ஒன்றான பிறகு கண்ணை மேலே கொண்டுபோனேன். மாநிறத்தில், வெயில் பட்ட கன்னத்தோடு, இப்போதுதான் டீக்குக் கூப்பிட்டவளைப் போல நின்றிருந்தாள். வாய்விட்டு அழுதேன். கண்ணில் தண்ணீர் படக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தது நினைவிருந்தும் அழுதேன்.

புதுப் படத்தைச் சட்டத்தில் போட்டு மாட்டினேன். ஞாயிற்றுக்கிழமை படப்பையிலிருந்து மகள் வந்தாள். செருப்பைக் கழற்றியவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"இப்பதான் டாடி அம்மா மாதிரி இருக்காங்க."

இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். சர்ச்சிலிருந்து ஜெபத்துக்கு வந்தவர்கள், சொந்தக்காரர்கள், அவளோடு வேலை பார்த்த டீச்சர்கள், ஒருவர் பாக்கியில்லாமல் அந்தப் படத்தைப் பார்த்திருக்கிறார்கள். மகள் பையைக் கீழே வைத்தாள்.

"நீங்க டெய்லி அதைப் பார்த்துக்கிட்டேதானே டீ குடிச்சீங்க. எப்படி டாடி சொல்றது?"

அவள் சமையலறைக்குள் போனதும் வலது கண்ணைப் பொத்திக்கொண்டு இடது கண்ணால் புதுப் படத்தைப் பார்த்தேன். பழைய தபால் உறையைப் போல மங்கலாக யாரோ இருந்தார்கள். சாயங்காலமே டாக்டரிடம் தேதி கேட்டு வாங்கினேன்.

பழைய படத்தைக் கிழித்துப் போடவில்லை. அதைப் பீரோவில், அந்தப் புடவையின் மடிப்பில் வைத்திருந்தேன். ஆபரேஷன் அன்று காலை, மகள் ஆட்டோ கூப்பிடப் போயிருந்தபோது எடுத்தேன். உலகத்தில் அந்தப் படம் சரியாகத் தெரிவது என் இடது கண் ஒன்றுக்குத்தான், மத்தியானத்துக்கு மேல் அதற்கும் தெரியாது. வலது கண்ணைக் கையால் மூடிக்கொண்டு, வாசலில் ஆட்டோ வந்து ஹாரன் அடிக்கும்வரை அவளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.