என் மூத்தவளை நான் மறந்த விதம்

இந்த மலாய் நாட்டுப் பெண்கள் பெயரைக் கேட்பதற்கு முன் பிள்ளைகள் எத்தனை என்று கேட்கிறார்கள். ஈப்போவிலிருந்து மாற்றலாகிச் செரம்பான் ரயில்வே குவாட்டர்ஸுக்கு நாங்கள் வந்த வாரமே, பின்வீட்டு மலாய்க்காரி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "அனாக் பெராப்பா?" என்றாள். நான் "துவா" என்றேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். நமது நாக்குக்குத் தகர எழுத்து ஒன்றுதான். அவர்களுக்கோ ஒரு விதமாகச் சொன்னால் எண் இரண்டு, இன்னொரு விதமாகச் சொன்னால் கிழடு. பிள்ளைகள் எத்தனை என்றதற்கு நான் கிழடு என்று பதில் சொல்லியிருக்கிறேன். பிறகு இரண்டு விரலைக் காட்டினேன். முற்றத்தில் விளையாடிக்கொண்டிருந்த என் இரண்டு பொடியன்களையும் பார்த்து அவள் தலையாட்டினாள். அந்த விரல்களைக் காட்டும்போது பொய் சொல்கிறேன் என்ற உறுத்தல் எனக்கு எள்ளளவும் இருக்கவில்லை. ஊரிலிருந்து இதை வாசிப்பவர்கள் நம்புவீர்களோ தெரியாது.

அடுத்த மாதம் நாகம்மாக்கா வந்தா. ஊரிலே மானிப்பாயில் எங்கள் வீட்டுக்கு நாலு வளவு தள்ளி இருந்தவ. இங்கே கிளாக்கராக இருக்கும் புருஷனிடம் அப்போதுதான் கப்பலேறி வந்திருந்தா. ஊர்ப் புதினமெல்லாம் சொல்லிக் கோப்பி குடித்துக்கொண்டிருந்தவ, என் பொடியன்களைப் பார்த்துவிட்டு, "மூத்தவள் இருந்திருந்தால் உவங்களை இடுப்பிலை தூக்கிக்கொண்டு திரிஞ்சிருப்பள்" என்றா.

"ஆர் அக்கா மூத்தவள்?" என்று நான் கேட்டேன்.

நாகம்மாக்கா கோப்பியைக் கீழே வைத்தா. "என்ன பிள்ளை கேக்கிறாய்? உன்ரை பெட்டைதானே. காய்ச்சலிலை போனவள்."

ஓம், எனக்கு ஒரு பெண்பிள்ளை இருந்தாள். நாலு வயதில் நெருப்புக் காய்ச்சல் கண்டு இறந்தாள். அது எனக்குத் தெரியும். எப்போதும் தெரிந்தே இருந்திருக்க வேண்டும். ஆனால் முகத்தைத் தேடினேன், முகம் வரவில்லை. பெயரைத் தேடினேன், அதுவும் வரவில்லை. பெற்ற பிள்ளையின் பெயரை நாகம்மாக்காவிடம் கேட்க வெட்கப்பட்டு, அடுப்பைப் பார்க்கப் போவது போல எழுந்து போய்விட்டேன்.

பின்னேரம் என் புருஷன் வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்றுமுன்பே கேட்டேன். "எங்கடை பெட்டையின்ரை பேர் என்ன?"

"பூமணி" என்றார். "கப்பலிலை வரேக்கை நீதானே சொன்னனீ, இனி உந்தக் கதையே எடுக்கப்படாது எண்டு. நான் எடுக்கேல்லை."

பூமணி. வேறு யாரோ வீட்டுப் பிள்ளையின் பெயர் போல இருந்தது.

அந்தக் கப்பல் மட்டும் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. செத்தவீடு முடிந்த கையோடு இங்கிருந்து லீவில் வந்த அவர் என்னையும் கூட்டிக்கொண்டு கொழும்பில் கப்பலேறினார். அழுது அழுது செத்துப்போவேன் என்று பயந்தேன். அதனால் பிள்ளையின் நினைவு தலைகாட்டும் போதெல்லாம் வேண்டுமென்றே அதைத் தள்ளினேன். முகம் வந்தால் உடனே வேறொன்றைப் பிடித்துக்கொள்வேன்: அவர் சொல்லித் தந்த மலாய்ச் சொற்களை, அரிசிக்கு பெராஸ், தண்ணீருக்கு ஆயிர் என்று, வாய்க்குள் சொல்லிக்கொண்டிருப்பேன். முதலில் பெரும்பாடாக இருந்தது. பிறகு அந்த முகம் வருவது குறைந்தது. பிறகு வரவே இல்லை. ஈப்போவில் ஒருத்தி என்னைப் பிள்ளையில்லாதவள் என்று எண்ணிக் கந்தசட்டி விரதம் பிடிக்கச் சொன்னாள். நானும் பிடித்தேன். ஒரு தாய் அப்படிச் செய்திருப்பாளா என்று இப்போது என்னையே கேட்கிறேன்.

தள்ளியது அவளோடு மட்டும் நிற்கவில்லை. "அண்ணையின்ரை கலியாணத்துக்குக் கூட எனக்குப் போகக் கிடைக்கேல்லை" என்று நான் அவரோடு அடிக்கடி குறைப்பட்டிருக்கிறேன். அன்று அவர் சொன்னார்: "நீ அங்கை நிண்டனீ. பூமணியையும் கையிலை பிடிச்சுக்கொண்டு நிண்டனீ. நான்தான் இஞ்சை வேலையாலை வரேல்லை. நீ எழுதித்தான் எனக்கே தெரியும்." கலியாணம் முடிந்து சில கிழமைக்குள் காய்ச்சல். அதை மறக்கப்போய் அந்த மாதத்தையே மறந்திருக்கிறேன்.

அடுத்த லீவுக்கு ஊருக்குப் போனோம். நான் போகவில்லை என்று நினைத்திருந்த கலியாணத்தின் மணப்பெண் வாசல் படலையில் நின்று, "வாங்கோ மச்சாள்" என்று கையைப் பிடித்தாள். "நீங்கள்தானே எனக்குக் கொண்டை போட்டு விட்டனீங்கள். பூமணி பூவைப் பிய்ச்சுப் போட்டாளெண்டு ஏசினீங்கள்."

"நான் ஏசினனானோ?"

"ஏசிப்போட்டு நீங்களே சிரிச்சீங்கள்."

அண்ணை என்னைப் பனங்காணியின் மூலைக்குக் கூட்டிப்போய் அவளைத் தாட்ட இடத்தைக் காட்டினார். புல் மூடிக் கிடந்தது. அழுகை வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை. "எப்பிடிக் கதைப்பாள் அண்ணை?" என்று கேட்டேன். அண்ணையை மாமா என்று சொல்ல வராமல் "மாம்மம்" என்பாளாம். சோறு வேண்டாம், பனம்பழப் பினாட்டு வேணும் என்று அடம்பிடிப்பாளாம். அண்ணை சொல்லிக்கொண்டே போனார். நான் அயல்வீட்டுப் பிள்ளையின் கதை கேட்பவள் போலக் கேட்டுக்கொண்டு நின்றேன். என்னுடைய பிள்ளைக்காக அண்ணை அழுதார். அவர் தோளில் கை வைத்து நான் ஆறுதல் சொன்னேன்.

திரும்புவதற்கு முதல் நாள் பின்னேரம் முற்றத்தில் நின்றேன். என் பொடியன்கள் கிணற்றடியில் மலாயில் சண்டை பிடித்துக்கொண்டிருந்தார்கள். செரம்பானில் எல்லோருக்கும் நான் ராசனின் அம்மா. ஒழுங்கையால் போன கிழவி ஒருத்தி படலையில் நின்ற மச்சாளிடம், "ஆரடி பிள்ளை வந்து நிக்கிறது?" என்று கேட்டாள்.

"அவ எங்கடை பூமணியின்ரை தாய், ஆச்சி" என்றாள் மச்சாள்.

அதே நேரம் ராசன் கிணற்றடியிலிருந்து "அம்மா" என்று கூப்பிட்டான்.

நான் முதலில் படலைப் பக்கந்தான் திரும்பினேன்.