முழங்கையால் படித்தவர்

ஆளே இல்லாத வகுப்பில் தொண்டை வறளப் பேசுவதுதான் இலவச இணையப் பாடம் நடத்தும் வேலை. கேமராவைப் பார்த்து நீங்களும் பாடம் எடுத்திருந்தால் என் பாடு உங்களுக்குத் தெரியும். பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியில் ஆசிரியை நான். மழலையர் கல்வி பற்றி நான் பேசிய பாடங்களை யார் வேண்டுமானாலும் போனில் பார்க்கலாம். தேர்வெழுதிச் சான்றிதழும் வாங்கலாம்.

புரிஞ்சுதா?

இருபது வருட வகுப்பறைப் பழக்கம் எனக்கு. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை “புரிஞ்சுதா?” என்று கேட்டுவிட்டு நின்றுவிடுவேன். எதிரே கேமராக்காரர் அந்தோணி மட்டும்தான். அந்த இடைவெளிகளை வெட்டிவிடலாம் என்றார். கூடவே கூடாது என்று நான் பிடிவாதம் பிடித்தேன். மறுமுறை கேட்டுவிட்டு நின்றபோது, கேமராவுக்குப் பின்னாலிருந்து பைய ஒரு குரல் வந்தது.

“எனக்குப் புரிஞ்சிட்டு டீச்சர், மேல போங்க.”

சேர்ந்தார்கள், காணோம்

ஆயிரக்கணக்கில் சேர்ந்தார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. மூன்றாவது வாரம் பாதிப் பேரைக் காணோம். நம் பக்கத்து ஆட்களையாவது பிடித்துவிடலாம் என்று ஒவ்வொருவராகப் போன் போட்டேன். அம்பாசமுத்திரத்துப் பெண் ஒருத்தி ரொம்பப் பிரியமாகப் பேசினாள்.

“ஓசிதான டீச்சர், எங்க ஓடிப்போவுது? நடவு முடியட்டும், பாப்போம்.”

வரிசையாக முட்டை

முக்கூடல் செல்வி ஒரு பாடம் விடாமல் பார்த்திருந்தார். ஆனால் வாராவாரம் கேட்கும் கேள்விகளில் மட்டும் வரிசையாக முட்டை. அதில் தேறாவிட்டால் தேர்வெழுத முடியாது. சான்றிதழைக் கொண்டுவந்தால் ஜூனிலிருந்து வேலை என்று அவர் தெருவில் உள்ள மழலையர் பள்ளியில் சொல்லியிருந்தார்கள்.

எரிச்சலோடுதான் கூப்பிட்டேன். கடைசிப் பாடத்தைக் கேட்டால், நான் விட்டதையும் சேர்த்துச் சொல்கிறார்! அப்புறம்தான் விஷயம் வெளியே வந்தது. பாடம் பார்ப்பதே பீடி சுற்றிக்கொண்டுதான். மடியில் இலையும் தூளும் வைத்த சுளகு, இரண்டு கையிலும் பீடித் தூள். கேள்வி வந்தால் போனை முழங்கையால் அழுத்துவார். முழங்கை எதில் படுகிறதோ அதுதான் விடை.

“பாடம் காதுல ஏறிட்டு டீச்சர், முழங்கைக்குத்தான் ஏறல.”

தேர்வு மையம்

மறுபடி எழுத ஒரு வாரம் தவணை வாங்கிக் கொடுத்தேன். சுற்றிய பீடியைக் கடையில் கொடுத்துவிட்டு வந்து, கையைக் கழுவி, விரலால் எழுதித் தேறினார்.

தேர்வன்று திருநெல்வேலி மையத்து வாசலில் நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றேன். கதவு சாத்தப் போகும் நேரத்தில் ஓடி வந்தார். பஸ் தாமதம். அவர் கம்ப்யூட்டர் முன்னால் உட்காருவது அதுதான் முதல் தடவை. விரலால் திரையைத் தொட்டால் ஒன்றும் நடக்கவில்லை. பதற்றத்தில் பழைய பழக்கம் வந்துவிட்டது. மவுஸைக் காட்டுவதற்கு முன் மேற்பார்வையாளர் ஓடி வந்து கேட்டாராம்:

“யக்கா, கம்ப்யூட்டரை எதுக்கு இடிக்கீங்க?”

ஜூன் மாதம்

சான்றிதழ் வந்தது, வேலையும் கிடைத்தது. முதல் நாள் பள்ளி விட்டதும் செல்வி கூப்பிட்டார்.

“நீங்க ‘புரிஞ்சுதா’ன்னு கேட்டுட்டு நிப்பீங்கல்லா டீச்சர், அப்பல்லாம் நான் சத்தமா ‘ஆமா டீச்சர்’னு சொல்லுவேன். இன்னைக்கு நான் கேட்டேன். பிள்ளைக அத்தனையும் சொல்லிச்சு.”

ஆயிரக்கணக்கானோர் சேர்ந்த வகுப்பில் என் கேள்விக்குப் பதில் சொன்னதாக எனக்குத் தெரிந்தவர்கள் இரண்டே பேர். அதில் அந்தோணிதான் இன்னும் தேர்வெழுதவில்லை.