பெயின்ட் டப்பாவில் சொட்டிய ஆயில்

எங்கள் அடுக்ககத்துக்குத் தண்ணீர் லாரி வந்தால், வாட்ச்மேன் மூடியைத் திறப்பதற்குள் நான் குனிந்து லாரியின் அடியைப் பார்த்துவிடுகிறேன். நாற்பதைத் தாண்டிய பிறகு குனிவதும் சுலபமாக இல்லை, நிமிர்வதும் சுலபமாக இல்லை. ஆனாலும் விட முடியவில்லை.

அப்பாவிடம் ஒரு பழைய லாரி இருந்தது. படப்பைப் பக்கத்துக் கிணறுகளில் தண்ணீர் பிடித்து ராஜகீழ்ப்பாக்கத்துக் குடியிருப்புகளில் இறக்குவார். ஓட்டம் முடிந்ததும் இரும்புலியூரில் எங்கள் வீட்டு வாசலில் அது வந்து நிற்கும். என்னைவிட அதற்கு வயது அதிகம். வீட்டில் செல்லமும் அதற்குத்தான் அதிகம்.

இன்ஜினுக்கு வயதானால் உள்ளே பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரிங்குகள் தேய்ந்து இடுக்கு விழும். மேலே எரிகிற வாயுவில் கொஞ்சம் அந்த இடுக்கு வழியாகக் கீழே இறங்கிவிடும். அது உள்ளேயே அடைத்துக்கொள்ளாமல் வெளியேற ஒரு குழாய் வைத்திருப்பார்கள், பிரீதர் என்று பெயர். புகையோடு சேர்ந்து ஆயிலும் அதன் வழியே வந்து தெருவில் சொட்டும். எதிர்வீட்டு டீச்சரின் கோலத்தில் சொட்டிவிட்டது என்று தகராறு வந்தபிறகு, அப்பா ஒரு பெயின்ட் டப்பாவின் மூடியில் குழாய் நுழைய ஓர் ஓட்டையும் காற்று போக இன்னோர் ஓட்டையும் போட்டு, கம்பியால் கட்டித் தொங்கவிட்டார்.

டீச்சர் சமாதானமானார். அப்பாவுக்குத்தான் நிம்மதி போயிற்று. அவருடைய மெக்கானிக் ஒரு வார்த்தை சொல்லி வைத்திருந்தார்.

“வாரத்துக்கு ஒரு டப்பான்னா ஓட்டுண்ணா. மூணு நாள்ல ரொம்பிடுச்சுன்னா யோசிக்காத, இன்ஜின எறக்கிடு. இல்லேன்னா பேஜாராப் பூடும்.”

இன்ஜினை இறக்கிப் பிரித்தால் லாரி இருபது நாள் ஓடாது. அதுவோ சித்திரை மாதம். தண்ணீர் லாரிக்காரர் கோடையில் ஓடினால்தான் மழைக்காலத்தில் வீட்டில் உலை கொதிக்கும். அதனால் அப்பா காலையில் பல் துலக்குவதற்கு முன்பே வண்டிக்கடியில் தலையை நீட்டி டப்பாவைப் பார்ப்பார். நிமிரும்போது முகம் தொங்கிப்போயிருக்கும். அம்மா ஏதாவது கேட்டால் எரிந்துவிழுவார். ஒன்பது வயதில் எனக்கு ரிங் தெரியாது, வாயு தெரியாது. டப்பா நிறைந்தால் அப்பாவுக்குப் பிடிக்கவில்லை என்பது மட்டும் தெரிந்தது.

ஆகவே டப்பாவைக் குறைத்தேன்.

அப்பா எழுவதற்கு முன் எழுந்து, வண்டிக்கடியில் தவழ்ந்து, கம்பியைக் கழற்றி, பாதி ஆயிலைச் சாக்கடையில் ஊற்றிவிட்டுத் திரும்ப மாட்டுவேன். கையைச் சீயக்காய் போட்டுத் தேய்த்துக் கழுவுவேன். பரீட்சைக்கு எழுப்பினால்கூட எழாதவள் நான். முதல் வாரத்திலேயே பலன் தெரிந்தது. “பரவால்லையே, வண்டி தேறிக்கினு வருது” என்று அப்பா அம்மாவிடம் சொல்லிச் சிரித்தார். உள்ளே ஆயில் குறைவதை அளவுக்கம்பி காட்டத்தான் செய்தது. வெயில் காலத்தில் வண்டி கொஞ்சம் கூடுதலாகக் குடிக்கும் என்று தன்னைத் தானே சமாதானப்படுத்திக்கொண்டு மேலும் ஊற்றினார். களைத்துப்போன மனிதர் நல்ல செய்தியைக் குறுக்குக் கேள்வி கேட்க மாட்டார். இப்போது எனக்கும் அந்த வயதுதான், புரிகிறது.

மூன்றாவது வாரம், நிறைந்த தொட்டியோடு வரும் வழியில், இன்ஜின் உடைந்தது. பிஸ்டன் இறுகிப்போய், அதைத் தாங்கும் தண்டு இன்ஜினின் பக்கவாட்டைப் பிளந்துகொண்டு வெளியே வந்துவிட்டது. பள்ளி விடுமுறை என்பதால் மறுநாள் அப்பாவோடு நானும் பட்டறைக்குப் போனேன். மெக்கானிக் ரிங் துண்டுகளை உள்ளங்கையில் வைத்துக் காட்டினார்.

“இன்னாண்ணா இது? ஒரு மாசமா டப்பா ரொம்பி வழிஞ்சுகினு இருந்திருக்குமே. நீ பாக்கவே இல்லியா?”

“தெனம் பாத்தேன்பா, பாதிகூட...” என்று ஆரம்பித்த அப்பா என் பக்கம் திரும்பினார். நான் இரண்டு கைகளையும் பாவாடைக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன். அவர் கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். பிறகு மெக்கானிக்கிடம் திரும்பினார்.

“ரொம்பிக்கினுதான் இருந்துச்சு. சீசன் முடியட்டும்னு நான்தான் வுட்டுட்டேன்.”

“ஆசப்பட்டு வண்டியக் கொன்னுட்டியேண்ணா” என்றார் மெக்கானிக், பட்டறையில் இருந்த நாலு பேர் முன்னால். அப்பா ஆமாம் என்று தலையாட்டினார்.

லாரி பழைய இரும்பு எடைக்குப் போனது. அதன்பிறகு அப்பா கடைசிவரை அடுத்தவர் வண்டியைத்தான் ஓட்டினார்.

அன்று திரும்பும்போது பஸ்ஸில் என்னை ஜன்னலோரம் உட்காரவைத்தார். நான் கொட்டியது அவருக்குத் தெரியாது என்று உறுதியாக நம்பினேன். அதனால் எனக்குப் பயம் விட்டுப்போய்க் கோபம் வந்தது. பொய் சொன்னால் என்னை அடிக்கிறவர், தினமும் பாதி டப்பாவைக் கண்ணால் பார்த்துவிட்டு நிறைந்திருந்தது என்கிறாரே! வீட்டுக்குள் நுழைந்ததும் முதல் வேலையாக, அப்பா பட்டறையில் பொய் சொன்னார் என்று அம்மாவிடம் போட்டுக்கொடுத்தேன்.

அவர் எதற்குப் பொய் சொல்லணும் என்று அம்மா கேட்டாள். தெரியாது என்றேன். எனக்கு உண்மையிலேயே தெரியவில்லை.